ஆளும் அடியாரும் அங்கத்தவரும்

தலைவரையோ சமயத்தையோ கொள்கையையோ சார்ந்து நிற்பவரைக் குறிக்க எல்லா இடத்துக்கும் பொருந்துகிற ஒரே சொல் தமிழில் கிடையாது. ‘பின்பற்றுபவர்’ என்று பாடநூல்கள் எழுதும். பேச்சில் அதை எவரும் சொல்வதில்லை. கோயிலில் அடியார், மடத்தில் சீடர், சங்கத்தில் அங்கத்தவர், சினிமாக் கொட்டகையில் ரசிகர், தேர்தல் மேடைக்குக் கீழே ஆதரவாளர். அதே ஆதரவாளர் எதிர்த்தரப்பின் வாயில் எடுபிடியாகவும் அல்லக்கையாகவும் ஆகிவிடுகிறார். ஒரே மனிதருக்கு அவர் வைத்துக்கொண்ட பெயர் ஒன்று, அவரைச் சார்ந்தோர் அழைக்கும் பெயர் ஒன்று, ஆகாதவர் சூட்டிய பெயர் இன்னொன்று. ஒரு சொல்லைச் சூட்டியது யார் என்று கேட்டால்தான் அதன் பொருள் முழுதாகப் பிடிபடும்.

இந்தச் சொற்களை ஓர் ஊரில் வைத்துப் பார்ப்பது பயன்தரும். இலங்கையின் மலையகத்தில், கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வீதியில், கண்டி, நுவரெலியா மாவட்டங்களின் எல்லையோரமாக இருக்கிறது புசல்லாவை. நகரைச் சுற்றி ரொத்சைல்ட், ஹெல்பொட, சோகம, டெல்டா எனத் தேயிலைத் தோட்டங்கள். தமிழ்ப் பேச்சும் சிங்களப் பேச்சும் ஒரே கடைவீதியில் கலக்கும் இடம் அது. கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் தேவாலயமும் அருகருகே நிற்கும். தொழிற்சங்கம் இல்லாத தோட்டம் அங்கே இல்லை. ஒருவர் யாரைச் சார்ந்தவர் என்பது அன்றாடம் கேட்கப்படும் கேள்வி.

பழைய சொற்களில் முதலிடம் அடியாருக்கு. திருவடியைப் பற்றியவர் என்பது அதன் உட்பொருள். தொண்டர் என்ற சொல்லும் அதனோடு சேர்ந்தே வளர்ந்தது. சுந்தரர் பாடிய திருத்தொண்டத்தொகை தனியடியார் 60 பேரையும் தொகையடியார் ஒன்பது கூட்டத்தாரையும் போற்றுகிறது. சுந்தரரையும் அவருடைய பெற்றோரையும் சேர்த்து நாயன்மார் 63 பேர் என்ற கணக்கு பின்னால் நிலைபெற்றது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இவர்களின் வரலாற்றைப் பாடியபோது நூலுக்குத் திருத்தொண்டர் புராணம் என்றே பெயர். பெரியபுராணம் என்பது வழக்கில் வந்த பெயர். வைணவத்தில் ஒரு படி மேலே போனார்கள்: தொண்டர்களின் கால்தூசி என்று பொருள்படத் தொண்டரடிப்பொடி என்ற பெயரையே ஓர் ஆழ்வார் ஏற்றார். தன்னைத் தாழ்த்திச் சொல்வது இங்கே பெருமை. இறைவனுக்கு அடிமை என்றவர் அரசனுக்கு அடிமையில்லை என்பது பக்தி மரபில் சேர்த்தே படிக்க வேண்டிய செய்தி.

கோயிலில் பிறந்த தொண்டர் அரசியலுக்கு வந்தது காங்கிரஸ் காலத்தில். தொண்டர் படை, தேசத் தொண்டர் என்றெல்லாம் சொல் பெருகி, தமிழ்நாட்டுக் கட்சிகள் எல்லாவற்றிலும் அடிமட்ட உறுப்பினரின் பெயராக நிலைத்தது. அண்ணாதுரை ‘தம்பிக்கு’ என்று கடிதம் எழுதினார், கருணாநிதி ‘உடன்பிறப்பே’ என்று அழைத்தார், எம்.ஜி.ஆர். கட்சியினர் ‘இரத்தத்தின் இரத்தங்கள்’ ஆனார்கள். சார்ந்து நிற்பவரை உறவுக்காரராக்கிக் கொள்ளும் பழக்கம் திராவிட இயக்கத்துக்கே உரிய முத்திரை. இலங்கையில் தொண்டர் வேறு வழியில் போனது. சம்பளமில்லாமல் கற்பிப்பவர் தொண்டர் ஆசிரியர். அரசு சாராத அமைப்பு தொண்டர் நிறுவனம். கட்சிக்காரரைக் குறிக்க இலங்கைப் பத்திரிகைகள் பெரும்பாலும் ஆதரவாளர் என்றே எழுதுகின்றன. சொல் ஒன்றுதான், பாக்கு நீரிணையைத் தாண்டியதும் வேலை மாறிவிட்டது.

கொள்கையாளரைக் குறிக்கும் விகுதிகளில் ‘வாதி’ மிகப் பழையது. மணிமேகலையில் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில், வஞ்சி நகரில் மணிமேகலை அளவைவாதி தொடங்கிப் பூதவாதி வரை ஒவ்வொருவரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். சைவவாதி, பிரமவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி எல்லாரும் அங்கே வருகிறார்கள். வாதி என்றால் தன் கொள்கையை எடுத்துச் சொல்லி வாதிடத் தெரிந்தவர். அதனால் அது மதிப்புள்ள பெயர். இருபதாம் நூற்றாண்டில் காந்தியவாதி, தேசியவாதி, சமவுடைமைவாதி என்ற சொற்கள் அந்த மதிப்பைக் காப்பாற்றின. பிரிவினைவாதி, பயங்கரவாதி என்ற சொற்கள் அதைக் குலைத்தன. 1979இல் இலங்கையில் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்த பிறகு, வாதி என்று முடியும் ஒரு சொல் ஒருவரை விசாரணையின்றிச் சிறைக்கு அனுப்பக் கூடியதாயிற்று. வாதாடுவதற்கும் இந்த வாதிக்கும் இன்று தொடர்பே இல்லை.

‘இயர்’ விகுதி எழுத்தாளர்களின் வேலை. மார்க்சியர், பெரியாரியர், அம்பேத்கரியர் என்பவை கட்டுரைகளில் வாழ்கின்றன. மக்கள் நாவில் ஆட்சி செய்வது ‘காரர்’. காங்கிரஸ்காரர், கட்சிக்காரர், சங்கக்காரர், வேதக்காரர், சபைக்காரர் என எதோடும் ஒட்டும். வண்டிக்காரர், கடைக்காரர் என்ற தொழிற்பெயர்களோடு ஒரே அச்சில் வார்த்தது என்பதால் இதில் பக்தியும் இல்லை, பகையும் இல்லை. வேண்டுமானால் ஏற்றலாம்; ‘காரன்’ என்று ஓர் எழுத்தை மாற்றினால் இகழ்ச்சி வந்துவிடும். சிங்களத்தில் ‘காரயா’ இதே வேலையைச் செய்கிறது. மலையகத்தில் இரு மொழியும் பேசுவோர் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தடையில்லாமல் தாவ இந்த ஒற்றுமை துணைசெய்கிறது.

தோட்டத்தில் இவை எல்லாவற்றுக்கும் முந்தியது ‘ஆள்’. கோப்பிக் காலத்திலிருந்தே தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து தொழிலாளரைத் திரட்டி வந்தவர் கங்காணி. ஆள் கட்டுவது, ஆள் பிடிப்பது என்பவை அந்தத் தொழிலின் சொற்கள். பெரிய கங்காணியின் கீழ்ச் சில்லறைக் கங்காணிகள், அவர்களின் கீழ் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆள்கூட்டம். பெரும்பாலும் உறவுக்காரர்கள், ஒரே ஊரார், ஒரே சாதியார். வழிச்செலவுக்கும் அரிசிக்கும் கொடுத்த முன்பணம் கடனாக நின்றது. தன் ஆட்களில் எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ அத்தனை தலைக்கும் கங்காணிக்குக் காசு. ஒரு தோட்டத்தைவிட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் கடன் தீர்ந்ததென்றோ இவ்வளவு பாக்கி என்றோ எழுதிய ‘துண்டு’ வேண்டும். 1921இல் துண்டு முறை ஒழிக்கப்படும்வரை ஆள் என்பதற்குப் பொருள் கடனால் கட்டுண்டவர் என்பதே. ‘நீ யார் ஆள்?’ என்ற கேள்விக்குக் கங்காணியின் பெயர்தான் பதில்.

தோட்டக் கணக்கிலும் இது தெரியும். விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் தொழிலாளர் நிற்க, கணக்கப்பிள்ளை பெயர் சொல்லி வேலை பிரிப்பார். செக்ரோல் என்ற பதிவேட்டில் பெயர் விழுந்தால் அன்றைய கூலி உண்டு. அதனால் ஒரு நாள் கூலிக்கே ‘பேர்’ என்று பெயர் வந்தது. கொழுந்து குறைந்தால் ‘அரைப் பேர்’ போடுவார்கள். வேலை கிடைக்காத நாள் ‘பேர் இல்லாத’ நாள். மனிதர் ஆளாகவும் அவருடைய நாள் பேராகவும் பதிவான இடத்தில், தனக்குப் பிடித்த தலைவரைத் தானே தேர்வது என்ற எண்ணம் எங்கிருந்தோ வந்து சேர வேண்டியிருந்தது.

அது சங்கத்தோடு வந்தது. 1931இல் கோ. நடேசய்யர் அட்டனில் தோட்டத் தொழிலாளருக்கென்றே ஒரு சம்மேளனத்தைத் தொடங்கினார். 1935இல் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1939 ஜூலையில் நேரு இலங்கைக்கு வந்தபோது இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவானது. அடுத்த ஆண்டில் அதன் தொழிற்சங்கம் எழுந்தது. புசல்லாவைக்கு மேலே ரம்பொடையில் வேவண்டன் தோட்டத்துக்கு உரிமையாளரான சௌமியமூர்த்தி தொண்டமான் கம்பளைக் கிளையின் தலைவராகத் தொடங்கி நாட்டளவில் உயர்ந்தார். புசல்லாவை சரஸ்வதி வித்தியாலயத்தைத் தோற்றுவித்த கே. இராஜலிங்கம் 1947 தேர்தலில் நாவலப்பிட்டித் தொகுதியில் வென்று பாராளுமன்றம் போனார். அவருக்கு ‘மலையகக் காந்தி’ என்று பெயர். ஒரு தலைவரின் வழிநிற்பவருக்கு அத்தலைவரின் பெயரையே ஊர் அடைமொழியோடு சூட்டுவது அக்காலத் தமிழரிடையே பரவலாக இருந்த மரபு. அவர் காந்தியவாதி என்று சொல்வதைவிட அது எளிதாகப் புரிந்தது.

சங்கம் கொண்டுவந்த சொல் ‘அங்கத்தவர்’. தமிழ்நாட்டில் உறுப்பினர் என்பதை இலங்கை இப்படிச் சொல்கிறது. ஆளுக்கும் அங்கத்தவருக்கும் உள்ள தூரம் கொஞ்சமில்லை. ஆளைக் கங்காணி சேர்த்தார்; அங்கத்தவர் தானே பெயர் கொடுத்துச் சேர்ந்தார். ஆளுக்குக் கடன் இருந்தது, அங்கத்தவருக்குச் சந்தா. சந்தா கட்டியவர் கேள்வி கேட்கலாம், கட்டுவதை நிறுத்தலாம், வேறு சங்கத்துக்கும் போகலாம். இந்த மாற்றத்துக்கு உயிர்விலை கொடுக்கவேண்டியிருந்தது. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். 1941 மே மாதத்தில் புசல்லாவைக்கு அருகே, புப்புரஸ்ஸைப் பக்கத்து ஸ்டெலன்பர்க் தோட்டத்தில், சங்கம் அமைப்பதை ஒட்டி மூண்ட பகையின் முடிவில் தோட்டத்துரை போப் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் தொழிலாளர் இருவர் 1942இல் தூக்கிலிடப்பட்டனர். சங்கத்தில் பெயர் பதிவது எவ்வளவு பெரிய காரியமாக இருந்தது என்பதை இந்த இரண்டு நிகழ்ச்சிகளும் காட்டுகின்றன.

1948இல் குடியுரிமைச் சட்டம் பெருவாரியான தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. அடுத்து வாக்குரிமையும் போயிற்று. அப்போது அவர்களுக்கு எஞ்சிய அடையாளம் சங்க அங்கத்துவம் ஒன்றே. வாக்காளர் பட்டியலில் இல்லாதவரின் பெயர் சங்கப் பதிவேட்டில் இருந்தது. 1952இல் வாக்குரிமை பறிப்புக்கு எதிராக இலங்கை இந்தியக் காங்கிரஸ் சத்தியாக்கிரகம் நடத்தியது; ‘சத்தியாக்கிரகி’ என்ற சொல்லும் அப்போது மலைநாட்டுச் செய்திகளில் இடம்பிடித்தது. அதற்கு முன்பே, 1950இல், அதன் தொழிற்சங்கம் தன் பெயரை இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்று மாற்றிக்கொண்டிருந்தது. சுருக்கமாக இ.தொ.கா.; பேச்சில் வெறும் காங்கிரஸ்.

பிறகு பிளவுகள் தொடங்கின. 1956இல் அப்துல் அசீஸ் பிரிந்து ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை அமைத்தார். 1965இல் வி.கே. வெள்ளையன் தொழிலாளர் தேசிய சங்கத்தைத் தொடங்கினார். ஐக்கிய தேசியக் கட்சிக்கும் தோட்டச் சங்கம் உண்டு; இடதுசாரிகளுக்குச் செங்கொடிச் சங்கம். 1989இல் பெ. சந்திரசேகரனின் மலையக மக்கள் முன்னணி வந்தது. ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதியச் சட்டம் இடம்தருகிறது. சங்கங்கள் இவ்வளவு பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம். நீண்ட அதிகாரபூர்வப் பெயர்களை மக்கள் நினைவில் வைக்கவில்லை. தொண்டமான் சங்கம், அசீஸ் சங்கம், வெள்ளையன் சங்கம் என்று தலைவரின் பெயரே சங்கத்துக்கு ஆயிற்று. அங்கத்தவர் ‘தொண்டமான் ஆள்’, ‘வெள்ளையன் ஆள்’ ஆனார். கங்காணியோடு ஒழிந்ததாகத் தோன்றிய ஆள் சங்க வாசல் வழியாகத் திரும்பிவிட்டது. இதைத் தொழிலாளரின் அறியாமை என்று எழுதுவோர் உண்டு. அது சரியில்லை. குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகினாலும் பொலிஸில் பிள்ளையைப் பிடித்து வைத்தாலும் துரையிடம் போய்ப் பேசக்கூடியவர் யார் என்பதுதான் அங்கே கணக்கு. கொள்கை அறிக்கை அந்த வேலையைச் செய்யாது.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது ‘தலைவர்’. தோட்டங்களில் அந்தச் சொல் முதலில் குறிப்பது கொழும்பில் இருப்பவரை அன்று. ஒவ்வொரு தோட்டத்திலும் ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு தோட்டத் தலைவர், பெண்களுக்கு ஒரு மாதர் தலைவி, கூடவே ஒரு கமிட்டி. மேலே மாவட்டத் தலைவர். தோட்டத் தலைவரும் மலையில் வேலை செய்யும் தொழிலாளியே. பக்கத்து லயத்தில் குடியிருப்பவரையும் அமைச்சராக இருப்பவரையும் ஒரே சொல்லால் அழைக்கும் இந்த வழக்கு அமைப்பின் இரண்டு முனைகளையும் நெருக்கமாகக் காட்டுகிறது. கொழுந்து பறிப்போரில் பெரும்பாலோர் பெண்களாக இருந்தும் தலைவி என்ற சொல் மாதர் பிரிவை விட்டு வெளியே அதிகம் வரவில்லை.

தேர்தல் காலத்தில் ஆட்களுக்குச் சின்னத்தின் பெயர் வந்துவிடும். இ.தொ.கா.வுக்குச் சேவல், ஐக்கிய தேசியக் கட்சிக்கு யானை, மலையக மக்கள் முன்னணிக்கு மண்வெட்டி. சுதந்திரக் கட்சி கை, பொதுஜன பெரமுன மொட்டு, தேசிய மக்கள் சக்தி திசைகாட்டி. நிறமும் அதே வேலையைச் செய்யும்: பச்சை, நீலம், சிவப்பு. ‘அவர் பச்சை’ என்றால் இலங்கையில் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வாக்குச்சீட்டில் பெயரை வாசிக்கத் தெரியாதவருக்காக வந்த ஏற்பாடு, வாசிக்கத் தெரிந்தவருக்கும் பேச்சு வழக்காக நின்றுவிட்டது.

இடதுசாரிகள் ‘தோழர்’ என்றார்கள். சிங்கள இடதுசாரிகள் ‘சகோதரயா’ என்கிறார்கள், அதாவது சகோதரன். ஒரே கட்சியின் ஒரே கூட்டத்தில் தமிழில் நண்பனும் சிங்களத்தில் உடன்பிறந்தவனுமாக ஒருவர் இருக்கலாம். 1935இல் தோன்றிய லங்கா சமசமாஜக் கட்சி ‘சமசமாஜி’ என்ற பெயரைத் தந்தது. உலகில் வேறெங்கும் இல்லாத, இலங்கைக்கே உரிய பெயர் அது. 1971 ஏப்ரலில் மக்கள் விடுதலை முன்னணி கிளர்ச்சியில் இறங்கியபோது கட்சியின் பெயரே பலருக்குத் தெரியாது. கிளர்ச்சிக்காரரை ஊரார் ‘சேகுவேராக்காரர்’ என்றார்கள். பொலிவியாவில் 1967இல் கொல்லப்பட்ட ஒருவரின் பெயர், அவரைப் படித்தே இராத கண்டிக் கிராமங்களில், புரியாத இளைஞர்களைக் குறிக்கும் சொல்லாகப் புழங்கியது. அவர்கள் தமக்கு வைத்துக்கொண்ட பெயர் அன்று அது. தமிழ்நாட்டுத் திராவிட இயக்கத்தின் வழியில் ஏ. இளஞ்செழியன் நடத்திய இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகம் தோட்டங்களில் ‘கழகத்தாரை’ உருவாக்கியது. 1962இல் அரசு அதைத் தடைசெய்தது.

சங்கச் சொற்களிலேயே கடுமையானது ‘கருங்காலி’. வேலைநிறுத்த நாளில் வேலைக்கு இறங்குபவர் கருங்காலி. கோடரிக்குக் கருங்காலி மரத்தில் காம்பு போடுவதால் தன் இனத்தையே வெட்டும் மரம் என்று ஒரு விளக்கம் உண்டு. ஆங்கிலத் தொழிற்சங்க வழக்கில் வேலைநிறுத்தத்தை உடைப்பவருக்குக் ‘கறுப்புக் கால்’ என்று பொருள்படும் சொல் உண்டு என்பதால், அதன் நேர்மாற்று என்பாரும் உண்டு. பழைய மரப்பெயர் இருந்ததால் புதிய பொருள் இலகுவாக ஒட்டிக்கொண்டது என்று கொள்வதே பொருத்தம். தலைவரைச் சாராதவருக்கும் ஒரு பெயர் வேண்டும் என்பதை இச்சொல் நினைவூட்டுகிறது. சார்பில்லாமல் ஒதுங்கி நிற்பவரைத் தோட்ட வழக்கு நம்புவதில்லை.

சமயப் பக்கத்தில் சொற்கள் அமைதியானவை. ஐயப்பனுக்கு மாலை போட்டவர் அன்றிலிருந்து ‘சாமி’. முதல் தடவை மாலை போடுபவர் கன்னிசாமி, பலமுறை சென்று வழிநடத்துபவர் குருசாமி. நேற்றுவரை பெயர் சொல்லிக் கூப்பிட்ட பையனைப் பெற்றவர்களே சாமி என்பார்கள். மாலையைக் கழற்றியதும் பழைய பெயர் வந்துவிடும். வழிபடுபவருக்கு வழிபடப்படுபவரின் பெயரையே கொடுக்கும் இந்த முறைக்குச் சிவனொளிபாதமலை யாத்திரையில் ஓரளவு இணை உண்டு. முதல் தடவை மலையேறும் சிங்கள யாத்திரிகரைக் ‘கோடுகாரயா’ என்றும் கூட்டத்தை நடத்திச் செல்பவரை ‘நடே குரா’ என்றும் அழைக்கிறார்கள். கன்னியும் குருவும் அங்கேயும் இருக்கிறார்கள்; கடவுளின் பெயர் மட்டும் இல்லை. விகாரையைப் பேணும் குடும்பத்தார் தாயகர், அதாவது கொடுப்பவர். ‘சில்’ என்ற நோன்பு எடுப்பவர் உபாசகர். முஸ்லிம்களிடையே சூஃபி ஷேக்கிடம் உறுதிமொழி கொடுத்தவர் முரீது.

கிறிஸ்தவருக்கான பெயர்கள் வெளியாரால் வந்தவை. கையில் வேதம் வைத்திருந்ததால் வேதக்காரர். 1854இல் தோட்டத் தமிழரிடையே வேலை செய்யத் தொடங்கிய ஆங்கிலிக்க மிஷன் முதல் பின்வந்த பெந்தெகொஸ்தே சபைகள் வரை பெயர்கள் மாறிக்கொண்டு போகின்றன. சபைக்காரர், அல்லேலூயாக்காரர் என்பவை ஊரார் வைத்தவை. கிறிஸ்தவர்கள் தங்களை விசுவாசி என்கிறார்கள். அதே விசுவாசி அரசியலில் தலைவருக்கு எதையும் செய்யத் துணிந்தவர் என்ற பொருளில் வழங்கும்போது பாதிக் கேலியாகிவிடுகிறது.

சூட்டப்பட்ட பெயர்களில் மிகக் கொடியது போர்க்காலத்தில் வந்தது. வடக்கில் ஆயுதமேந்திய இளைஞர்களை ஊரார் பெடியள் என்றும் இயக்கக்காரர் என்றும் அழைத்தனர். மலையகத்தில் சோதனைச் சாவடியில் நிறுத்தப்பட்ட தோட்டத்து இளைஞருக்குச் சிங்களத்தில் கிடைத்த பெயர் ‘கொட்டியா’, புலி. அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர் இருந்ததே அதற்குப் போதுமாக இருந்தது. எந்த இயக்கத்தையும் சாராத ஒருவரை ஓர் இயக்கத்தின் ஆளாக்கிவிட முடியும் என்பதை அந்த ஒரு சொல் காட்டியது. எதையும் பின்பற்றாமலே பின்பற்றுபவராகத் தண்டிக்கப்பட்டவர்கள் அவர்கள்.

இன்று ஆளுக்கும் அங்கத்தவருக்கும் இடையிலான வழக்கு சம்பளச் சீட்டில் நடக்கிறது. சங்கச் சந்தாவைத் தோட்ட நிர்வாகமே சம்பளத்தில் பிடித்துச் சங்கத்துக்கு அனுப்புவது பல பத்தாண்டு வழக்கமாக இருந்தது. அதில் ஒரு வசதி இருந்தது, ஒரு கேடும் இருந்தது: கையால் சந்தா கொடுக்காதவருக்குக் கணக்குக் கேட்கும் பழக்கம் வரவில்லை. 1999இல் திருத்தப்பட்ட சட்டப்படி, தொழிலாளரில் 40 விழுக்காட்டினரைக் கொண்ட சங்கத்துடன் பேச முதலாளி மறுக்கக் கூடாது. எண்ணிக்கையை நிறுவச் சந்தாப் பதிவே பெரிய சான்று. 2021இல் சம்பளச் சபை மூலம் நாட்கூலி 1,000 ரூபாயாக நிர்ணயமானதை ஒட்டிச் சங்கங்களும் கம்பனிகளும் செய்திருந்த கூட்டு ஒப்பந்தம் செயலிழந்தது. பல கம்பனிகள் சந்தா பிடித்துக் கொடுப்பதை நிறுத்தின. அதன்பின் சந்தாவைச் சங்கங்கள் தொழிலாளரிடம் நேரில் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று.